நான் நிரப்பிய வெற்றுக் கட்டம்

மகளே,

ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருக்கிறாய். இந்தப் பக்கம் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். உன் அம்மா எட்டிப் பார்த்து, "பக்கத்து ரூமுக்குத் தபாலா? முத்திர வாங்கியாரவா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கேலி செய்யட்டும். வாயால் சொல்லலாம் என்று நானும் ஒரு வாரமாகப் பார்க்கிறேன். நான் தொண்டையைச் செருமினாலே, "தேத்தண்ணி போடவாப்பா?" என்று நீ எழுந்துவிடுகிறாய். குடித்துக் குடித்து வயிறு நிறைந்ததே தவிர, சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தபாடில்லை. அதனால்தான் பேனையை எடுத்தேன்.

இதில் மூன்று பிரதி எடுக்கப் போகிறேன். ஒன்று உனக்கு, ஒன்று உன் டொக்டருக்கு, ஒன்று உன்னோடு வேலை செய்யும் சமிலாவுக்கு; அதை யாராவது அவளுக்குச் சிங்களத்தில் படித்துச் சொல்லட்டும். பழி எல்லாருக்கும் முன்னால் உன் மேல் விழுந்தது. அதை மூடிய உறைக்குள் வைத்துத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. விஷயம் ஒன்றே ஒன்றுதான். உங்கள் மெஷின் அறையில் தொங்கும் பதிவுப் புத்தகத்தில், போன மாதம் நடந்த கோளாறுக்கு நேரே, "காரணம்: என் கவனக்குறைவு" என்று எழுதி நீ கையெழுத்து வைத்திருக்கிறாய். அது பொய். திங்கட்கிழமைக்குள் அதை நீ திருத்தாவிட்டால் டொக்டர் எழுப்புகிற புதுக் கட்டடத்தின் கணினி வேலை உன் கையை விட்டுக் கொழும்பிலிருந்து வரும் ஓர் ஆளுக்குப் போய்விடும். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் நீ பேசாமல் இருக்கிறாய்.

பிரதி கை மாறி உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். அலுவிகாரையில் இருக்கிற ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் உனக்கு வேலை. பல்லேபொலவிலும் சீகிரியாவிலும் அதற்குக் கிளைகள் உண்டு. அங்கே எடுக்கிற இரத்தத்தின் முடிவுகளையெல்லாம் வெளிநாட்டில் யாரோ ஒருவனுடைய கணினியில் வைப்பதற்குப் பதிலாக, சொந்தக் கட்டடத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று டொக்டர் விரும்பினார். அதற்கு 'பிரைவேட் கிளவுட்' என்று பெயர் சொன்னாய். கிளவுட் என்றால் மேகம் என்றதும் உன் அம்மா, "கட்டடத்துக்குள்ள மேகமா? அப்ப கூரைச் சீட்டு ஒழுகாதா?" என்று கேட்டாள். நீ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். அந்த மேகத்தை இழுத்துக் கட்டுகிற முழுப் பொறுப்பும் உனக்கு. உன் கையில் தனியாகக் கிடைத்த முதல் வேலை. கேபிள் இழுக்கிற வேலையை டொக்டர் எனக்குத் தந்தார். மகளுக்குக் கீழே அப்பன் வேலை செய்வதைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்று சிலர் சொன்னார்கள். எனக்கோ காலர் இரண்டு அங்குலம் உயர்ந்த மாதிரி இருந்தது.

ஏற்கெனவே அங்கே ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் மேஸ்திரி, எல்லாருக்கும் வேலை பிரித்துக் கொடுப்பது. புதிதாக வந்தது பாரம் சுமக்கிற பெட்டி. அதற்கு நீங்கள் வைத்த பெயர் 'கம்பியூட் ஒன்று'. பிறந்த பிள்ளைக்குப் 'பிள்ளை ஒன்று' என்று பெயர் வைத்த கதையாக இருக்கிறதே என்று நான் சொன்னபோது, "பேர் அழகா இருக்கத் தேவையில்லப்பா. மத்தப் பெட்டிக்கு அது தெரிஞ்சா போதும்" என்றாய். சொன்னதோடு நிற்காமல் மேஸ்திரிப் பெட்டிக்குள் போய்ப் புதுப்பெட்டியின் பெயரையும் விலாசத்தையும் எழுதினாய். அப்புறம் புதுப்பெட்டிக்குள் போய் மேஸ்திரியின் பெயரையும் விலாசத்தையும் எழுதினாய். பெயரைச் சொன்னால் விலாசம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாது என்றாய். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நாற்பது வருடமாக வயர் இழுத்தவன் நான். கரண்டுக்குப் பெயரும் வேண்டாம், விலாசமும் வேண்டாம், வழி இருந்தால் அது பாட்டுக்குப் போய்விடும். கம்பிக்குள்ளே ஆளைத் தேடிப் போகிற ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கோளாறு நடந்த சனிக்கிழமை காலையில் நீ ஒரு தாளைச் சுவரில் ஒட்டினாய். புதுப்பெட்டிக்குப் பின்னால் இரண்டு வாசல்கள் இருந்தன. முதல் வாசலுக்கு நேரே ஓர் எண், பத்து சைபர் சைபர் முப்பத்தொன்று. இரண்டாவது வாசலுக்கு நேரே ஒன்றுமில்லை, வெறும் கட்டம். பல்லேபொலக் கிளையில் லைன் சரியா என்று பார்க்க நீ பஸ் ஏறினாய். "தாள்ல உள்ளபடியே அடிச்சிருங்க" என்று சமிலாவிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனாய். நான் கேபிள்களுக்குப் பட்டி கட்டி, மார்க்கரால் எண் எழுதிக்கொண்டிருந்தேன். முதல் கேபிளுக்கு எழுதினேன். இரண்டாவதற்கு வந்தபோது கை நின்றுவிட்டது. பிள்ளை அவசரத்தில் மறந்துவிட்டாள் போல என்று நினைத்தேன். முப்பத்தொன்றுக்கு அடுத்தது முப்பத்திரண்டு, இதற்கு ஒரு படிப்பா வேண்டும்? அந்தக் கட்டத்தில் பத்து சைபர் சைபர் முப்பத்திரண்டு என்று எழுதினேன். அதைக் கேபிள் பட்டியில் எழுதியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. தாளில் எழுதினேன். சமிலா வந்தாள், தாளில் உள்ளபடியே அடித்தாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஏன் எழுதினேன் என்று இத்தனை நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். விலாசம் இல்லாத ஒரு வாசலை என்னால் சும்மா விட முடியாது, மகளே. நீ பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரே கூரைக்குக் கீழே குடும்பத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு காம்பரா இருந்தாலும் ஒன்றுக்கும் நம்பர் கிடையாது, தெருப்பெயர் கிடையாது. எல்லாத் தபாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். கிளாக்கர் ஐயாவுக்கு மனம் வந்த அன்றைக்குத்தான் கைக்கு வரும். அவசரமென்றால் டவுனில் ஒரு கடை முதலாளியின் காலைப் பிடித்து அவர் விலாசத்தைக் கடன் வாங்குவோம். பிறகு நாம் மாத்தளை டவுனுக்கு வந்து இரண்டு அறை வாடகைக்கு எடுத்தோமே, உனக்கு ஞாபகம் இருக்கும். சட்டி பானையை இறக்குவதற்கு முன்னால் நான் நம்பர் தகட்டைத் துடைத்துத் திரும்ப ஆணி அடித்தேன். "மொதல்ல அடுப்ப எறக்குங்க" என்று உன் அம்மா கத்தினாள். ஐம்பத்தேழின் கீழ் இரண்டு என்ற அந்த எண்ணை ஒரு வாரத்துக்கு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படிப்பட்ட ஆள் கையில் நீ ஒரு வெற்றுக் கட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போனாய்.

மூன்று மணிக்கு நீ திரும்பி வந்து, புதுப்பெட்டியிலிருந்து மேஸ்திரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டாய், இல்லை. நீ முதலில் சந்தேகப்பட்டது என் கேபிளை. எனக்கு வந்ததே கோபம்! "நான் அடிச்ச பிளக்ல கொற கண்டவன் இந்த மாத்தளையிலயே இல்ல" என்று சத்தம் போட்டேன். "கொறன்னு சொல்லலப்பா, பாக்கத்தானே சொல்றேன்" என்றாய். எல்லா முனையையும் வெட்டி, திரும்பப் பிளக் அடிக்க வைத்தாய். விளக்குகள் எல்லாம் பச்சையாக எரிந்தன, பதில் மட்டும் வரவில்லை. டொக்டர் வந்து கதவடியில் நின்று, "திங்கக்கிழம காலைல ரெண்டு கிளையும் இந்தப் பெட்டிக்குத்தான் மாறுது. நாளைக்குப் பகலுக்குள்ள முடியாட்டி நான் கொழும்புக்கு ஃபோன் பண்ணணும்" என்றார். உன் முகம் சுருங்கிப் போயிற்று. அப்போதும் எனக்கு அந்த எண் ஞாபகத்துக்கு வரவில்லை. வாய் மட்டும் நீளமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நீ திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "ரெண்டாவது வாசலுக்கு யாரு விலாசம் குடுத்தது?" என்றாய். சமிலா பதறிப் போய்த் தாளைக் காட்டினாள். நீ தாளைப் பார்த்தாய். என்னுடைய இரண்டுக்கு எப்போதும் வால் நீளம் என்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஒரு நொடி என்னை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு, "நாந்தான் எழுதிட்டு மறந்திருப்பேன்" என்று சமிலாவிடம் சொன்னாய். திரையில் அந்த ஒரு வரியை அழித்தாய். திரும்பக் கூப்பிட்டாய்.

பதில் வந்தது. கருப்புத் திரையில் ஒரு வரி, அதன் கீழே இன்னொரு வரி, அதன் கீழே இன்னொன்று. நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, சத்தியமாகச் சொல்கிறேன். ஒன்றையும் சேர்க்கவில்லை, ஒரு கம்பியையும் மாற்றவில்லை, இருந்ததில் ஒன்றை எடுத்தாய், அவ்வளவுதான். நான் கேட்காமலே நீ விளக்கினாய். "இந்தப் பெட்டிக்குள்ள சின்னச் சின்ன மெஷினா நெறைய ஓடப்போகுதுப்பா. கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஒவ்வொண்ணும் ஒரு தனிக் கணினி. அதுங்க எல்லாம் வெளிய போற வாசல் இந்த ரெண்டாவது. ஒவ்வொண்ணும் தன் தன் விலாசத்தோட இதுக்குள்ளால போகும், வரும். அதனால இந்த வாசலுக்குன்னு ஒரு விலாசம் இருக்கக் கூடாது. குடுத்தா, பெட்டி இதயும் தன்னோட வாசல்னு நெனச்சிக்கிட்டுப் பதில இந்தப் பக்கமா அனுப்பிரும். கேட்டவன் அந்தப் பக்கம் காத்துக்கிட்டு நிப்பான்." இவ்வளவையும் சொல்லும்போது உன் குரலில் ஒரு குத்தல் இல்லை, ஒரு நையாண்டி இல்லை. நல்ல மாணவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னாய்.

பிறகு சோதித்துப் பார்க்க உள்ளே ஒரு சின்ன மெஷினை எழுப்பினாய். கண் மூடித் திறப்பதற்குள் அது பிறந்து, தனக்கென்று ஒரு விலாசம் வாங்கிக்கொண்டு, அந்த வெற்று வாசல் வழியாகப் பல்லேபொலவைக் கூப்பிட்டது. பல்லேபொல பதில் சொன்னது! ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கிற கிளையில், ஆளில்லாத மேசையில் இருக்கிற கணினி, இங்கே ஒரு நிமிடத்துக்கு முன்னால் பிறந்த ஒன்றுக்குப் பதில் சொல்கிறது. நான் அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். லேசான சூடு. இதையெல்லாம் செய்தது லயத்துக் காம்பராவில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளையா என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. சமிலா பார்த்துவிடக் கூடாதென்று திரும்பி நின்று ஒன்றுமில்லாத கேபிளை இழுத்துக் கட்டினேன். வாழ்நாள் முழுக்க விலாசம் இல்லாததைக் குறை என்றே நினைத்திருந்தேன். எல்லாருடைய விலாசத்தையும் தன் வழியாகப் போக விடுவதற்காகத் தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளாத வாசலும் உலகத்தில் உண்டு என்று நீ எனக்குக் காட்டினாய். கோயிலில் கூட எனக்கு அப்படி ஒரு நடுக்கம் வந்ததில்லை.

இவ்வளவு வியந்தவன் அடுத்த நிமிடம் என்ன செய்தேன்? நீ அந்தப் புத்தகத்தை எடுத்தாய். உன் பேனை 'காரணம்' என்ற இடத்துக்கு வந்தபோது நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். 'என் கவனக்குறைவு' என்று நீ எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. முந்தின நாள் பிளக்குக்காக அத்தனை சத்தம் போட்ட வாய் அது.

மகளே, இது முதல் தடவை இல்லை. இனி எழுதப் போவதை உன் அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை. உயர்தரப் பரீட்சை முடித்த வருடம் உனக்கு ஒரு தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்ததே, ஒரு நாள் பிந்திக் கிடைத்ததே, நீ இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாயே. "நமக்கெல்லாம் வெலாசம் ஏது புள்ள? ஆபீசுல போட்டு வச்சிருந்து இன்னைக்குத்தான் குடுத்தானுங்க" என்று நான் சொன்னேன். உண்மை அதுவல்ல. தேர்வு வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமையே ஆபீஸ் ஆள் என்னிடம், "ஓம் மக பேருக்கு ஒரு தபால் கெடக்கு, வந்து எடுத்துக்க" என்று சொல்லிவிட்டான். அந்த வாரம் பெரிய தொரை பங்களாவில் ஏதோ விருந்து. பங்களாத் தோட்டமெல்லாம் கலர் பல்பு கட்டிக்கொண்டிருந்தேன். ஏணியை விட்டு இறங்கி, ஆபீசுக்குப் போய்வர அரை மணி நேரம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று வெள்ளிக்கிழமை போனேன். லயத்துக்கு விலாசம் இல்லை என்பது உண்மைதான். எத்தனையோ பிள்ளைகளின் வாழ்க்கை அதனால் கெட்டது. ஆனால் உன் கடிதத்தைப் பொறுத்தவரை அது நான் ஒளிந்துகொண்ட இடம். உனக்கு ஒரு வருடம் போனது என்னால்.

நீ அதை நம்பினாய். அதனால்தான் நம் குடும்பத்தில் யார் மேலும் பிழை இல்லை, இடத்தின் மேல்தான் பிழை என்று நினைத்து வளர்ந்தாய். இப்போது அப்பாவைக் காப்பாற்ற நீயும் ஒரு பொய்யை எழுதிவிட்டாய். யாரிடம் படித்தாய் என்று தேடப் போக வேண்டியதில்லை.

போன வாரம் சமிலா வீட்டுக்கு வந்தபோதுதான், புதுக் கட்டடத்து வேலைக்குப் பொறுப்பாக வேறொருவரைப் போடப் போகிறார்கள் என்று தெரிந்தது. "அவ ரொம்பக் கவனமான ஆள் அங்கிள், எப்படி மறந்தாளோ" என்று அவள் சிங்களத்தில் சொன்னாள். மறுநாள் காலையில் நீ சீகிரியாவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து டொக்டரிடம் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, "ஒங்கட மகள் பிழ விட்டான்னு நெனச்சிருந்தேன். அது பரவாயில்ல, எல்லாரும் விடுறதுதான். ஆனா அவ காரணத்த மாத்தி எழுதியிருக்கா. நாளைக்கு ஒரு நோயாளிட ரிப்போர்ட் மாறினாலும் இப்பிடித்தான் யாரயாவது காப்பாத்த எழுதுவாளா?" என்று கேட்டார். உன்னைக் காப்பாற்றப் போனவன் உன் தலையில் இன்னொரு கல்லைப் போட்டேனோ என்று பயந்தேன். நான் புத்தகத்தில் எழுதித் தருகிறேன் என்றேன். "நீங்க இல்ல. அவ எழுதணும். திங்கக்கிழமைக்குள்ள அவட கையால உண்மையான காரணத்த எழுதினா, புதுக் கட்டடம் அவட பொறுப்பு" என்றார். அதை உன்னிடமும் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தெரியும். அன்று மாலையிலிருந்துதான் இந்தத் தேத்தண்ணி.

நீ ஏன் எழுத மாட்டேன் என்கிறாய் என்றும் தெரியும். எழுதினால் புதுக் கட்டடத்துக் கேபிள் வேலை எனக்குக் கிடைக்காது என்று நினைக்கிறாய். கிடைக்காமல் போகட்டும். மாத்தளையில் வயர் இழுக்க வீடா இல்லை? டவுனில் நாலு பேர் சிரிப்பார்கள் என்று நினைக்கிறாய். சிரிக்கட்டும், சிரிக்க வேண்டிய விஷயம்தானே. எண் வரிசை தெரிந்ததும் எல்லாம் தெரியும் என்று நினைத்த கிழவனைப் பார்த்து நானே சிரிக்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதே. உன் பங்கும் இதில் கொஞ்சம் இருக்கிறது. வேண்டுமென்றே வெறுமையாக விடுகிற இடத்தில், 'வேண்டுமென்றே விட்டது' என்று எழுதிவிட்டுப் போ. பேசாமல் விட்ட இடத்தை அன்பு இருக்கிறவர்கள் எல்லாரும் தங்கள் இஷ்டப்படி நிரப்பிவிடுவார்கள். புருஷன் வீட்டுக்குப் போனாலும் இதை மறக்காதே. உன் அம்மாவும் நானும் முப்பது வருடம் சண்டை பிடித்ததில் பாதி அப்படி நிரப்பியதால் வந்ததுதான்.

அந்த மெஷினிடம் நீ எதையும் மறைத்ததில்லை. மறைத்தால் அது பதில் சொல்லாது. உண்மையான பெயரையும் உண்மையான விலாசத்தையும் கேட்கிறது, கொடுத்தால் உலகத்தையே கூப்பிட்டுக் கொடுக்கிறது. அவ்வளவு பெரிய வேலையை, நான் பார்த்து நடுங்கிய வேலையை, என் ஒருத்தனின் மானத்துக்காக நீ விட்டுக் கொடுத்தால் அதைத் தாங்க என்னால் முடியாது. உன் முதல் வாய்ப்பை ஏணியில் நின்றுகொண்டு கோட்டை விட்டேன். இரண்டாவதையும் என் பெயரால் நீ கோட்டை விட வேண்டாம்.

நாளைக் காலை அந்தப் புத்தகத்தைத் திற. பழைய வரியை ஒரு கோடு போட்டு வெட்டு, ஆனால் படிக்கத் தெரியட்டும். அதன் கீழே எழுது: வெறுமையாக இருக்க வேண்டிய கட்டத்தில் கேபிள் வேலைக்கு வந்தவர் கேட்காமல் விலாசம் எழுதினார். அந்த இடத்தில் 'அப்பா' என்று எழுதிவிடாதே, மகளே. என் முழுப் பெயரை எழுது.